ஒரு மணி நாப்பது நிமிஷம்

அந்தப் பை உங்களுதா சார்? இல்ல இல்ல, எடுக்க வேண்டாம், இருக்கட்டும். காலை மட்டும் இப்படி மடக்கிக்கிட்டீங்கன்னா நான் உக்காந்துக்குவேன். முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்த காலு இது. உக்கார இடம் கிடைச்சா அதுக்கே வெக்கமாப் போயிருது.

எத்தனை கிலோ இருக்கும்? பதினாலா. கண்டக்டர் லக்கேஜ் போட்டானா? போடலையா. நான் இருந்திருந்தா போட்டிருப்பேன், தப்பா நினைக்காதீங்க. கையில என்ன லிஸ்ட்டா? ஏழு நாளா. மலையா. முதல் தடவையா. மாசி மாசத்துலயா.

ஒண்ணும் இல்ல சார், சும்மாதான் கேட்டேன். நானும் போன மாசியில ஏழு நாளைக்குத்தான் லிஸ்ட் போட்டேன். அஞ்சாம் நாளே இறங்கிட்டோம். மூணு பேர் போனதுல ரெண்டு பேர் நடந்து வந்தோம், ஒருத்தனைத் தூக்கிட்டு வந்தாங்க. அவன் வருஷத் திதிக்குத்தான் இப்பப் போறேன். மேல்கரைப்பட்டி ஸ்டாப். அவன் சம்சாரம் சுருளியம்மா ஸ்டாப்புக்கே வாரேன்னு போன்ல சொல்லியிருக்கு. வந்து என்ன கேக்கும்னு எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை கேட்டதுதான். அதுக்கு என்ன பதில் சொல்லுறதுன்னுதான் பஸ் ஏறினதுல இருந்து யோசிச்சுக்கிட்டு வாரேன்.

ஊரே என்னைத்தான் சொல்லுது. நீங்க வெளியாள். முழுசாக் கேட்டுட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, தப்பு என் மேலயான்னு.

என் பேரு நல்லதம்பி. தனியார் வண்டியில கண்டக்டர். பவுன்ராஜ் டிரைவர். தேனியில இருந்து கூனிமலை அடிவாரம், ஒரு நாளைக்கு நாலு டிரிப்பு, இருபத்திரெண்டு வருஷம் ஒரே வண்டி. கட்டின பொண்டாட்டி கூட இருந்ததை விட அவன் கூட இருந்ததுதான் ஜாஸ்தி. ஆனா மூஞ்சியப் பாத்துக்கிட்டது கம்மி. அவன் முன்னால பாப்பான், நான் பின்னால பாப்பேன். எனக்கு அவன் பிடறி தெரியும், அவனுக்கு என் விசில் தெரியும். ஒண்ணு குடுத்தா நிப்பான். ரெண்டு குடுத்தா எடுப்பான். அவ்வளவுதான் எங்க பேச்சு.

ஒரு தடவை வீரபாண்டித் திருவிழா. கூட்டம்னா கூட்டம். ஒரு விசில் குடுத்து நிறுத்திட்டு நான் இறங்கி ஒரு டீயக் குடிக்கப் போனேன். போன இடத்துல பழைய சிநேகிதன் ஒருத்தன் பிடிச்சுக்கிட்டான், பேச்சு வளந்துருச்சு. வந்து பாத்தா பின்னால பத்து வண்டி ஹாரன் அடிக்குது. ஜனம் கத்துது. போலீஸ்காரர் லத்தியால முன்கண்ணாடியத் தட்டுறார். பவுன்ராஜ் ஸ்டியரிங்ல ரெண்டு கையையும் வச்சுக்கிட்டு, "விசில் வரல சார்"ங்கிறான். "அட எடுய்யா"ங்கிறார் அவர். "விசில் வரணும் சார்"ங்கிறான். அப்படி ஒரு ஆளு. கல்லு மாதிரி.

அடிவாரத்துல ஒரு புளியமரம் உண்டு. அதைச் சுத்தித்தான் வண்டியத் திருப்புவோம். மாசி பொறந்துட்டா உங்கள மாதிரி ஆளுக மூட்டையத் தூக்கிக்கிட்டு வந்து இறங்குவாக. பொம்பளப் பிள்ளைகளும் வரும். வண்டியத் திருப்பி நிறுத்திட்டு ரெண்டு பேரும் பீடியப் பத்த வச்சுக்கிட்டு, அவுக மேல ஏறி மறையிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருப்போம். "அப்படி என்னடா இருக்கும் மேல?"ம்பான். "என்ன இருக்கும், மேடு இருக்கும்"பேன் நான். இருபத்திரெண்டு வருஷமும் இதே பேச்சு. ஒரு நாளும் மேல போனதில்ல. போனா அடுத்த டிரிப்பு யார் எடுக்கிறது?

வேலைய விட்டு ரெண்டு பேரும் வந்த மறுமாசம் அவனே என் வீட்டுக்கு வந்தான். "நல்லதம்பி, மேல போயிட்டு வந்துருவோமாடா"ன்னான். இதை நல்லாக் கேட்டுக்கங்க சார். கூப்பிட்டது அவன். நான் இல்ல.

ஆனா பிளான் போட்டது நான்தான். அதை மறைக்கல. இருபது நாள் உக்காந்து போட்டேன். நான் படிச்சது எட்டாங்கிளாஸுதான், ஆனா டைமிங் ஷீட் போடுறதுல என்னைய அடிச்சுக்க ஆள் கிடையாது. முதல் நாள் காலை ஆறு இருபதுக்குப் புறப்பாடு. எட்டு ஐம்பது ஊத்து, பத்து நிமிஷம். பன்னெண்டு பத்து கோயில், சாப்பாடு, நாப்பது நிமிஷம். இப்படி ஏழு நாளைக்கும். எந்த ஊருல படுக்கை, எந்த வீட்டுல சோறுன்னு ஆள் விட்டுக் கேட்டு எழுதியாச்சு. காட்டிலாகா பாஸ் வாங்கியாச்சு. அதுல ஒரு குறை சொல்ல முடியாது. இந்தா, பையிலதான் வச்சிருக்கேன். வேணும்னா நீங்க ஒரு காப்பி எடுத்துக்கலாம்.

மூணாவதா ஞானமுத்துவச் சேத்தது பவுன்ராஜோட யோசனை. எங்க கம்பெனி செக்கர் அவன். வழியில வண்டிய மறிச்சு ஏறி, டிக்கெட்ட எண்ணி, எனக்கு மெமோ வாங்கிக் குடுத்த ஆளு. "அவன் கூடவா"ன்னேன். "இப்ப அவனும் நம்மள மாதிரி சும்மாதானடா இருக்கான், பாவம்"னான். பவுன்ராஜுக்கு யாரும் பாவம்தான்.

சுமை விஷயத்துல மட்டும் நான் கறாரா இருந்தேன். ஆளுக்கு எட்டு கிலோ. அறுபது தாண்டின உடம்பு, அதுக்கு மேல தூக்கக் கூடாது. புறப்படுற அன்னைக்குக் காலையில அடிவாரத்து டீக்கடையில தராசு வாங்கி மூணு பையையும் தொங்கவிட்டேன். என்னோடது ஏழே முக்கால். ஞானமுத்தோடது எட்டு, அச்சா எட்டு. பவுன்ராஜோடது பதினொண்ணு. சுருளியம்மா கட்டிக் குடுத்த பை. பிரிச்சுப் பாத்தா ஒரு கம்பளி, கால் வரைக்கும் வர்ற மழைக்கோட்டு ஒண்ணு, புதுசு, அப்புறம் ஒரு டப்பா முறுக்கு.

"எதுக்குடா இதெல்லாம்? வெயில் மண்டையப் பிளக்குது"ன்னேன்.

"அவ வச்சுட்டா. இருக்கட்டுமேடா, நான்தானே தூக்குறேன்"னான்.

"ரூல்னா எல்லாருக்கும் ஒண்ணுதான்"னேன்.

மாசி மாசம் சார். இருபத்திரெண்டு வருஷம் அந்தப் புளியமரத்தைச் சுத்தியிருக்கேன், மாசியில அங்க ஒரு சொட்டு விழுந்து பாத்தது கிடையாது. அனுபவம்னு ஒண்ணு இருக்குல்ல. கம்பளியையும் கோட்டையும் எடுத்து டீக்கடைக்காரர்கிட்ட குடுத்து, வந்து வாங்கிக்கிறோம்னு சொன்னேன். முறுக்கை விட்டுட்டேன். ஞானமுத்து அதைப் பாத்துக்கிட்டே இருந்தான். பை எட்டு கிலோவுக்கு இறங்கிருச்சு. பவுன்ராஜ் அந்தக் கோட்டு மடிப்பை மட்டும் கையால ரெண்டு தடவை நீவி விட்டான்.

உங்க பையில மேல தெரியுதே, பச்சையா, அதுவும் மழைக்கோட்டுதானே? பதினாலு கிலோங்கிறது ஜாஸ்தி சார். நான் சொல்லுறேன், அதை... சரி, விடுங்க. அது இருக்கட்டும்.

புறப்படும்போது விளையாட்டா ரெண்டு விசில் குடுத்தேன். பவுன்ராஜ் கை தானாப் போயி கியரப் போட்டுச்சு. வெறும் காத்துல. ஞானமுத்து அப்படிச் சிரிச்சான். அப்புறம் அதையே வச்சுக்கிட்டோம். ஒண்ணுன்னா நிக்கிறது, ரெண்டுன்னா நடக்கிறது. மூச்சு வாங்குற இடத்துல கத்திக்கிட்டு இருக்க முடியாதுல்ல.

மூணு நாளும் ஷீட்டுல போட்டபடி போனோம். ஒரு நாள் கூட பத்து நிமிஷம் பிசகல. பகல்ல வெயில்தான், பனியன் ஒட்டும். சாயங்காலமானா குளிரு வெடவெடன்னு வரும், அது நான் எதிர்பாத்ததுக்குக் கொஞ்சம் கூட. பவுன்ராஜ் என் பெட்ஷீட்டுல பாதிய இழுத்துப் போத்திக்குவான். நடக்கும்போது புள்ள மாதிரி ஒவ்வொண்ணா நின்னு பாப்பான். "டேய், இங்க பாரு, ரோடு தெரியுது. நம்ம ரோடுடா. எறும்பு ஊருற மாதிரி ஒரு பஸ்ஸு போகுது பாரு"ம்பான். "நம்ம டிரிப்புதான். மூணு பத்து. அஞ்சு நிமிஷம் லேட்டு"ம்பேன்.

மூணாம் நாள் தங்கினது கீழ்சோலைங்கிற ஊரு. பத்துப் பன்னெண்டு வீடு. மறுநாள் காலையில டீ குடிக்கிற இடத்துல ஒரு குதிரைக்காரர். காப்பிக்கொட்டை மூட்டைய குதிரையில ஏத்தி இறக்குறவர். குதிரைக நாலும் கட்டியே கிடக்கு. "இன்னைக்கு நான் போகல. மேல கறுத்துக் கிடக்கு. நீங்களும் இருந்துட்டு நாளைக்குப் போங்க"ன்னார்.

எனக்கு மேல பாத்தா நீலமாத்தான் தெரிஞ்சது.

"ஒரு நாள் இருந்துட்டுப் போவோம்டா"ன்னான் பவுன்ராஜ்.

"ஒரு நாள் தள்ளினா ஏழும் தள்ளும். அடுத்த ஊருல சோத்துக்குச் சொல்லி வச்சிருக்கு"ன்னேன்.

"சோறு ஓடியா போயிரும்? மலையில இருக்கிற ஆளு சொல்லுறாரு."

"அவருக்குக் குதிரைக்கு ரெஸ்ட்டு வேணும், சொல்லுறாரு."

அப்பத்தான் அவன் அதைச் சொன்னான். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னான், ஆனா ஞானமுத்து இருக்கான், குதிரைக்காரர் இருக்கார், டீக்கடைக்காரர் இருக்கார். "டேய், இருபத்திரெண்டு வருஷமும் வண்டிய ஓட்டினது நான்டா. நீ ஊதுனதோட சரி"ன்னான்.

எல்லாரும் சிரிச்சாங்க. ஞானமுத்துவுக்குப் புரையே ஏறிப்போச்சு.

கிளாஸை வச்சேன். பையத் தூக்கினேன். ரெண்டு விசில் குடுத்தேன். அவன் முகம் மாறிப்போச்சு. ஆனா எந்திரிச்சுட்டான். பையத் தோள்ல மாட்டிக்கிட்டு வந்துட்டான். அதான் பவுன்ராஜ்.

காலையில இருந்து நான் முன்னால, நடுவுல ஞானமுத்து, கடைசியில அவன். ரெண்டு மணி வரைக்கும் வெயில். அப்புறம் ஒரு மேகம் மலைமேல உக்காந்துச்சு பாருங்க, எதிர்ல நீட்டுன கை தெரியல. புல்லுமேடு. வலது பக்கம் சரிவு. மழை பிடிச்சுக்கிச்சு. மழைன்னா நம்ம ஊரு மழை இல்ல சார். ஐஸ் தண்ணிய வாளியில மோந்து ஊத்துற மாதிரி. கூடவே கல்லு கல்லா ஆலங்கட்டி. வழி எது, புல்லு எதுன்னு தெரியல. மேல ஏலக்காய் எஸ்டேட்டுக்காரங்க விட்டுட்டுப் போன தகரக் கொட்டகை ஒண்ணு இருக்குன்னு என் ஷீட்டுல இருக்கு. எந்தப் பக்கம்னு தெரியணும்ல. அதான் ஒரு விசில் குடுத்தேன். நீங்க இருந்தாலும் அதைத்தான் செஞ்சிருப்பீங்க. மூணு பேரும் அலைஞ்சா ஒருத்தன் சரிவுல போயிருவான்.

பவுன்ராஜ் அங்கேயே நின்னுட்டான். ஒரு பாறை ஓரம். "நான் போயி கொட்டகையப் பாக்கிறேன்"னேன். ஞானமுத்து என் சட்டையப் பிடிச்சுக்கிட்டு என் கூடவே வந்துட்டான், பயந்தாங்கொள்ளி. செக்கரு எந்தக் காலத்துல விசிலுக்குக் கட்டுப்பட்டான்?

கொட்டகை பக்கத்துலதான் இருந்துச்சு. பத்து நிமிஷம் கூட ஆகல. அப்புறமா அளந்தேன் சார், பாறையில இருந்து என் அடிக்கு நூத்தி அறுபது அடி. நூத்தி அறுபதே அடி.

உள்ள போனதும் ஞானமுத்துவுக்கு நடுக்கம். பல்லு கிட்டிப்போச்சு. அவன் சட்டையக் கழட்டி, என் பெட்ஷீட்டைப் போத்தி, கிடந்த சுள்ளியப் பொறுக்கித் தீ மூட்டினேன். ஒரு உசிரைக் காப்பாத்தியிருக்கேன் சார், அதை எவனும் சொல்ல மாட்டேங்கிறான். அவனே சொல்ல மாட்டேங்கிறான். தீ பிடிக்க நேரமாச்சு. பிடிச்சதும் தண்ணி வச்சேன். டீத்தூளு என் பையில. போட்டு, ஆத்தி, அவனுக்கு ஒரு டம்ளர். நான் ஒரு டம்ளர்.

நடுவுல ஒரு தடவை வாசலுக்கு வந்தேன். அந்த நேரம் பாத்து மேகம் கொஞ்சம் கிழிஞ்சு விலகுச்சு. கீழ பாறை ஓரமா நிக்கிறான். நல்லாத் தெரியுது. சட்டை உடம்போட ஒட்டிக் கிடக்கு. வலது கையத் தூக்குனான். டிரைவர் சீட்டுல இருந்து கைய வெளிய நீட்டி, எடுக்கட்டுமான்னு கேப்பான் பாருங்க, அப்படி. என் வாயிலதான் விசில் இருந்துச்சு.

குடுத்திருக்கலாம். குடுக்கக் கூடாதுன்னு இல்ல சார். ஓட்டினது நீதானே, ஊதுறவன் எதுக்கு உனக்கு, இப்ப ஓட்டிக்கிட்டு வாயேன் பாப்போம், அப்படின்னு ஒரு நினைப்பு. ஒரு நிமிஷம் நிக்கட்டுமேன்னு. அவனுக்கும் என்னையத் தெரிஞ்சிருக்கும்ல, கொட்டகை தெரிஞ்சிருக்கும்ல. காலு இருக்கு. நடந்து வர வேண்டியதுதானே? யாரு தடுத்தா? அதுக்குள்ள மேகம் மூடிருச்சு. பின்னால ஞானமுத்து டீ பொங்குதுன்னு கத்தினான். உள்ள போயிட்டேன்.

அப்புறம் வந்து ரெண்டு விசில் குடுத்தேன். குடுத்தேன் சார், சத்தியமா. தகரத்துல மழை விழுற சத்தத்துல எனக்கே கேக்கல. மறுபடி குடுத்தேன். வரல. இறங்கிப் போனேன்.

பாறையில சாஞ்ச மாதிரி உக்காந்திருந்தான். பை முதுகுலயேதான் இருந்துச்சு. கழட்டக் கூட இல்ல. வண்டி கிளம்பப் போற நேரத்துல எவனாவது இறக்கி வைப்பானா? கண்ணு திறந்திருந்துச்சு. பேரு சொல்லிக் கூப்பிட்டேன். உதடு கொஞ்சம் அசைஞ்ச மாதிரி இருந்துச்சு. தூக்க முடியல. ஞானமுத்துவக் கூப்பிட்டு ரெண்டு பேருமா இழுத்துக்கிட்டுப் போயி தீ பக்கத்துல போட்டோம். கையத் தேச்சேன், காலைத் தேச்சேன். டீய வாயில விட்டேன், ஓரமா வழிஞ்சுருச்சு. விடியிற வரைக்கும் தேச்சோம். குதிரைக்காரர்தான் காலையில ஆளுகளோட வந்தார். என் மூஞ்சியப் பாக்கவே இல்ல.

நான் உள்ள இருந்தது ஒரு பத்து நிமிஷம், மிஞ்சிப் போனா கால் மணி நேரம். ஆனா இந்த ஞானமுத்து இருக்கானே. செக்கர் புத்தி, குளிருல பல்லு கிட்டிக் கிடக்கும்போதும் கையக் கட்டிக்கிட்டே மணியப் பாத்திருக்கான் சார். முதல் விசில் மூணு பத்துக்காம். ரெண்டாவது நாலு ஐம்பதுக்காம். ஒரு மணி நாப்பது நிமிஷம்னு இழவு வீட்டுல சொல்லிக்கிட்டுத் திரியிறான். எனக்கு மெமோ வாங்கிக் குடுத்த வாய்தானே. அவன் வாட்ச்சு நனைஞ்சு கிடந்தது, அது ஓடுச்சான்னு யாருக்குத் தெரியும்? இவன் போத்தியிருந்தது யாரு பெட்ஷீட்டு? இவன் குடிச்ச டீ யாரு போட்டது?

சுருளியம்மா அழுகல. எல்லாம் எடுத்து முடிஞ்ச பிறகு என்கிட்ட வந்துச்சு. "அண்ணே, ரெண்டு விசில் குடுத்தீங்களா?"ன்னு கேட்டுச்சு.

"குடுத்தேன் தாயி"ன்னேன்.

"எப்பண்ணே குடுத்தீங்க?"

"அப்பவே குடுத்தேம்மா."

என்னையவே பாத்துச்சு. "கேட்டிருந்தா வந்திருப்பாரேண்ணே"ன்னுச்சு. அவ்வளவுதான். போயிருச்சு. இருபத்திரெண்டு வருஷம் ரெண்டு வீடும் ஒண்ணாத் தீபாவளி கும்பிட்டவங்க சார். அதுக்கப்புறம் ஒரு போன் இல்ல, ஒரு விசாரிப்பு இல்ல. என் மக வளைகாப்புக்குக் கூப்பிட்டும் வரல. எனக்கு மட்டும் வருத்தம் இருக்காதா? அவன் போனதுல எனக்கு ஒண்ணும் போகலையா?

போன வாரம் நானாத்தான் போன் பண்ணினேன். திதிக்கு வரட்டுமாம்மான்னு. "வாங்கண்ணே. ஸ்டாப்புக்கு நானே வாரேன். வீட்டுல ஆளுக இருப்பாக, அங்க வச்சுக் கேக்க முடியாது"ன்னுச்சு.

பாத்தீங்களா? ஞானமுத்து எல்லாத்தையும் சொல்லியிருப்பான். மணி சொல்லியிருப்பான். ஆனா மேகம் விலகினது அவனுக்குத் தெரியாது. அவன் உள்ள கிடந்தான். அது எனக்கும் பவுன்ராஜுக்கும் மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு. அதைச் சொல்லணுமா சார்? சொன்னா செத்தவன் வரப்போறானா? சொல்லலைன்னா... நீங்க என்ன நினைக்கிறீங்க? ஏன் சார் ஒண்ணும் பேச மாட்டேங்கிறீங்க? இவ்வளவு நேரம் சரி சரின்னு தலைய ஆட்டுனீங்க.

மேல்கரைப்பட்டி வந்துருச்சு போல. ஆமா, அந்தா தண்ணித் தொட்டி.

நிக்குது சார். அதோ, அந்த வேப்பமரத்துக்குக் கீழ, சாம்பக் கலர் சேலை. எளைச்சுப் போச்சு. தனியாத்தான் வந்திருக்கு. இறங்குறவங்கள ஒவ்வொருத்தரா மூஞ்சியப் பாக்குது.

சார், உங்க பையத் தூக்கிக் கொஞ்சம் மடியில வச்சுக்கிறீங்களா? ஜன்னல் பக்கமா. இன்னும் கொஞ்சம் மேல. ஆமா. நான் இப்படிக் குனிஞ்சுக்கிறேன். இந்தப் பக்கமா வருதா? ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கிட்டு வருதா? பேசாதீங்க சார். அப்படியே இருங்க.

நகந்துருச்சா வண்டி?

திரும்பிப் பாத்துச் சொல்லுங்க சார். வீட்டுக்குக் கிளம்பிருச்சா? அங்கேயேதான் நிக்குதா.

அடுத்த வண்டி முக்கால் மணி நேரம் கழிச்சுத்தான். அதுல வருவேன்னு நினைச்சுக்கிட்டு இருக்கும்.

சார், கண்டக்டரைக் கூப்பிட்டு எனக்கு அடுத்த ஸ்டேஜுக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லுங்க. நானே கேக்கலாம். தலையத் தூக்கினா அதுக்குத் தெரிஞ்சிரும்.